சூரியப் படத்தின் கீழே ஓர் எண் வேண்டும்

போன ஆண்டு நான்காம் படிவ மாணவர்களுக்கு மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோது திரையில் நான்கு சூரியன்களைக் காட்டினேன். ஒன்று பொன்னிறம், ஒன்று பச்சை, ஒன்று இரத்தச் சிவப்பு, ஒன்று ஊதா. நான்கும் ஒரே நாளில் ஒரே செயற்கைக்கோள் எடுத்தவை. வகுப்பு சற்று நேரம் அமைதியாகப் பார்த்தது. பிறகு முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "இதுல எது உண்மையான சூரியன், டீச்சர்?"

கேள்வி நல்ல கேள்வி. என் பதில்தான் நல்ல பதில் இல்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "நிறமெல்லாம் கணினியில் சேர்த்தது, சூரியன் உண்மையில் அப்படி இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்படின்னா எல்லாம் எடிட்தானே, டீச்சர்!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அதே மாணவன் வகுப்பின் முன் வந்து பேச வேண்டிய முறை. விண்வெளிப் படங்கள் எல்லாம் கணினியில் வரைந்தவை என்று பேசினான். ஆதாரமாக மூன்று டிக்டாக் காணொளிகளைக் காட்டினான். நான்காவது ஆதாரம் நான். "நம்ம டீச்சரே சொன்னாங்க" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்ன இடத்திலிருந்து அவன் நடந்த தூரம் மிகக் குறைவு. 'நிறம் சேர்க்கப்பட்டது' என்பது வேறு, 'படம் பொய்' என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லித் தரவில்லை. அந்தப் பதிலைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநூலிலோ நாளிதழிலோ ஆசிரியரின் திரையிலோ, சூரியனின் படம் எங்கே வந்தாலும், அது எந்த அலைநீளத்தில் எடுத்த படம் என்று சொல்லும் எண் அதன் கீழே இருக்க வேண்டும். எண் இல்லாத சூரியப் படம் அளவை இல்லாத நிலப்படம் மாதிரி. பார்க்க அழகாக இருக்கும். அதை வைத்து எதையும் அறிந்துகொள்ள முடியாது.

நம் கண் பார்க்கும் சூரியனிலிருந்து தொடங்குவோம். பாலர் பள்ளியில் சூரியனை வரையச் சொன்னால் எல்லாரும் மஞ்சள் வண்ணப் பென்சிலைத்தான் எடுப்போம். ஆனால் நண்பகல் வெயிலில் நிற்கும்போது உங்கள் வெள்ளைச் சீருடை மஞ்சளாகவா தெரிகிறது? வெள்ளையாகத்தானே தெரிகிறது. சூரிய ஒளி வெள்ளை. எல்லா நிறங்களும் கலந்த வெள்ளை. மாலையில் சிவந்து தெரிவது காற்றுமண்டலத்தின் வேலை. ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து வரும்போது நீலம் வழியிலேயே சிதறிப்போகிறது. ஆக, நாம் சிறுவயது முதல் வரைந்துவந்த மஞ்சள் சூரியனும் ஒருவகையில் 'எடிட்' செய்ததுதான். அதைப் பொய் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இந்த வெள்ளை ஒளி சூரியன் அனுப்புவதில் ஒரு பகுதி மட்டுமே. நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். 700க்கு மேலே போனால் அகச்சிவப்பு, நுண்ணலை, வானொலி அலை. 400க்குக் கீழே வந்தால் புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர். பள்ளியில் இவற்றை இன்ஃப்ராமெரா, அல்ட்ராஉங்கு என்று மலாயில் படித்திருப்பீர்கள். மெரா என்றால் சிவப்பு, உங்கு என்றால் ஊதா. நம் தமிழ்ச் சொற்களும் அதே இரண்டு நிறங்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. கண் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் மனிதன் பெயர் வைக்கத் தொடங்குகிறான்.

இனி, அந்த மாணவனின் 'எடிட்' குற்றச்சாட்டுக்கு வருவோம்.

மாலையில் திடல் பயிற்சிக்குப் போகுமுன் நம்மில் பலர் கைப்பேசியில் மழை ராடார் வரைபடத்தைப் பார்க்கிறோம். தூறல் உள்ள இடம் பச்சை, நல்ல மழை மஞ்சள், கொட்டும் மழை சிவப்பு. மழை சிவப்பாகவா பெய்கிறது? இல்லை. ஆனால் சிவப்பைப் பார்த்ததும் குடையைத் தேடுகிறோம். கோவிட் காலத்தில் பள்ளி வாசலில் வைத்த வெப்பக் கேமராவையும் நினைத்துப் பாருங்கள். திரையில் நம் முகங்கள் ஆரஞ்சும் நீலமுமாகத் தெரிந்தன. அது நம் முகத்தின் நிறம் இல்லை, முகத்தின் வெப்பநிலை. கண்ணால் பார்க்க முடியாத ஓர் அளவைக் கண்ணுக்குக் கொண்டுவர நிறத்தைக் கடன் வாங்கினார்கள், அவ்வளவுதான். நிறம் மனிதர் தேர்ந்தெடுத்தது, அளவு இயற்கையிலிருந்து வந்தது.

சூரியப் படமும் இதே வகை. செயற்கைக்கோளின் கேமராவுக்கு நிறம் என்பதே தெரியாது. முன்னால் ஒரு வடிகட்டி அல்லது சிறப்பாகப் பூச்சு பூசிய கண்ணாடி ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும். பின்னால் இருக்கும் உணர்கருவி எங்கே எவ்வளவு ஒளி விழுந்தது என்று எண்ணும். வருவது கறுப்பு வெள்ளைப் படம். உங்கள் கைப்பேசியிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுவே. அதன் உணர்கருவியின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் இருக்கின்றன. எண்ணிக்கைகளைச் சேர்த்து நிறமாக்குவது உள்ளே இருக்கும் கணினி. தோழியோடு எடுத்த தாமியை நீங்கள் கணினியில் வரைந்த படம் என்று சொல்வதில்லை.

நான் வகுப்பில் காட்டிய படங்கள் நாசாவின் 'சூரிய இயக்கவியல் ஆய்வகம்', சுருக்கமாக எஸ்.டி.ஓ., எடுத்தவை. 2010 பிப்ரவரி 11ஆம் தேதி ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளில் உள்ள ஒரு கருவி பத்து அலைநீளங்களில் சூரியனைப் பார்க்கிறது. 17.1 நானோமீட்டர் படத்துக்குப் பொன்னிறம், 30.4க்குச் சிவப்பு, 9.4க்குப் பச்சை, 21.1க்கு ஊதா என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் எந்த அலைநீளம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த அடையாளம் அது. நம் விளையாட்டு இல்லங்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சட்டை கொடுப்பதைப் போல.

அப்படியானால் ஏன் பத்து அலைநீளம்? ஒன்று போதாதா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2024 மே மாதம் 10ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று பூமியை ஒரு பெரிய காந்தப் புயல் தாக்கியது. ஐந்து நிலை அளவுகோலில் ஐந்தாம் நிலை. 2003க்குப் பிறகு அந்த நிலையைத் தொட்ட முதல் புயல். அதற்குக் காரணமான சூரியப் புள்ளிக் கூட்டத்துக்கு 3664 என்று எண். அதன் அகலம் பூமியின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த அன்றைய படத்தில் சூரியன் வழவழப்பான தட்டு. அதில் சில கருத்த திட்டுகள். பழுத்த வாழைப்பழத்தோலில் விழும் புள்ளிகள் மாதிரிதான் இருக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 பாகை செல்சியஸ். புள்ளிகள் இருக்கும் இடம் 4,000 பாகைக்கு அருகில் அல்லது அதற்கும் கீழே. அதனால்தான் கறுப்பு. அதுவும் பக்கத்தில் இருப்பது அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் வந்த கறுப்பு. இரும்பு 1,538 பாகையிலேயே உருகிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர் என்ன நினைப்பார்? புள்ளி இருக்கும் இடம் அடங்கிப்போன இடம், மற்ற இடங்கள்தாம் சுறுசுறுப்பானவை என்று நினைப்பார்.

இப்போது அதே நாளில் 17.1 நானோமீட்டர் படத்தைப் பாருங்கள். எல்லாம் தலைகீழ். வழவழப்பான தட்டு இருண்டு கிடக்கிறது. கருத்த புள்ளிகள் இருந்த இடத்துக்கு மேலேதான் சூரியனிலேயே பளிச்சென்ற வெளிச்சம். அங்கிருந்து நூல் நூலாக வளையங்கள் எழுந்து வளைந்து மறுபடி கீழே இறங்குகின்றன. முதலாம் அல்லது இரண்டாம் படிவத்தில் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவியிருப்பீர்கள். தூள் வளைவு வளைவாக அடுக்கி நிற்குமே, அதே வடிவம். இது உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. சூரியப் புள்ளி என்பது வலுவான காந்தப்புலம் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடம். அந்தக் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு மிகச் சூடான வளிமம் மேலே நிற்கிறது. 17.1 நானோமீட்டரில் அங்கே ஒளிர்வதும் இரும்புதான்! தூளாக இல்லை, எலக்ட்ரான்களை இழந்த அணுக்களாக.

வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இது புரியும். இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள். நம் ஊர்ச் சூட்டில் இரண்டோ மூன்றோதான் விலகும். வெப்பம் ஏற ஏற ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகும். எட்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு 17.1 நானோமீட்டரில் ஒளிரும். அதற்கு வெப்பநிலை 6 லட்சம் பாகையளவு இருக்க வேண்டும். பதினொன்றை இழந்தால் 19.3 நானோமீட்டர், ஒரு மில்லியன் பாகைக்குச் சற்று மேலே. பதின்மூன்றை இழந்தால் 21.1, இரண்டு மில்லியனுக்கு அருகில். பதினேழை இழந்தால் 9.4, ஆறு மில்லியன் பாகை. பத்து மில்லியனைத் தாண்டும் சூரியச் சுடர்வீச்சைப் பிடிக்க 13.1. ஆக, அந்த எண் ஒரு வெப்பமானி. பொன்னிறச் சூரியனைப் பார்க்கும்போது '6 லட்சம் பாகையில் இருக்கும் பொருள் மட்டும் எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்குப் பதிலைப் பார்க்கிறீர்கள். மேற்பரப்பு ஏன் இருண்டது என்பதும் இப்போது தெரியும். 5,500 பாகையில் இருக்கும் பொருளால் 17.1 நானோமீட்டர் ஒளியைச் சொல்லத்தக்க அளவு வெளியிட முடியாது.

இந்த எண்ணை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு தங்கப் பந்து.

சிவப்புச் சூரியனுக்கும் ஒரு கதை உண்டு. 30.4 நானோமீட்டரில் ஒளிர்வது ஹீலியம். வெப்பநிலை சுமார் 50,000 பாகை. ஹீலியத்தை மனிதன் முதலில் கண்டது பூமியில் இல்லை, சூரியனில். 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சுக்காரர் ஜான்சன் இந்தியாவின் குண்டூரில் நின்று, சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தார். அந்தப் பிழம்புகளின் ஒளியில் இருந்த ஒரு மஞ்சள் கோடு அதுவரை அறிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் லாக்கியர் அதை ஆராய்ந்து, புதிய தனிமமாக இருக்க வேண்டும் என்றார். கிரேக்கத்தில் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று பெயர். ஹீலியம் வந்தது அதிலிருந்து. பூமியில் அது அகப்பட்டது 1895இல்தான். அதே கிரகணத்தைப் பார்க்கச் சயாம் மன்னர் மோங்குட் நம் தீபகற்பத்தின் வடபகுதியில் வா கோ என்ற இடத்தில் முகாம் அமைத்தார். அன்றைய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஓர்டும் அங்கே விருந்தினராகப் போயிருந்தார். வரலாற்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் சொல்வார்.

அடுத்த ஆண்டு, 1869இல், கிரகணத்தின்போது தெரியும் வெளி ஒளிவட்டத்தில், அதாவது கொரோனாவில், ஒரு பச்சைக் கோடு அகப்பட்டது. 530.3 நானோமீட்டர். இதுவும் புதிய தனிமம் என்று 'கொரோனியம்' எனப் பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஜெர்மனியின் குரோட்ரியான், சுவீடனின் எட்லேன் இருவரின் ஆய்வால் அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த பழைய இரும்பு என்று தெரிந்தது. அப்படியானால் கொரோனாவின் வெப்பம் மில்லியன் பாகை. அடுப்பிலிருந்து விலகிப் போகப் போகச் சூடு கூடுகிறது என்றால் நம்புவீர்களா? சூரியனில் அப்படித்தான். ஏன் என்பதற்கு முழுமையான விடை இன்றுவரை இல்லை. உங்களில் ஒருவருக்காகக் காத்திருக்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

இவற்றில் பல அலைநீளங்களைப் பூமியில் நின்று பார்க்கவே முடியாது. குறுகிய புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் காற்றுமண்டலம் மேலேயே விழுங்கிவிடும். விழுங்காவிட்டால் நாம் இங்கே இருக்க மாட்டோம். 1946இல் அமெரிக்கர்கள், போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ஏவுகணையில் கருவி வைத்து மேலே அனுப்பித்தான் சூரியனின் குறுகிய புற ஊதாவை முதன்முதலில் பதிவு செய்தார்கள். இலண்டன்மேல் குண்டாக விழுந்த அதே வகை ஏவுகணை. வானொலி அலை அதற்கு முன்பே, 1942 பிப்ரவரி இறுதியில், தானாக வந்து மாட்டியது. பிரிட்டிஷ் ராணுவ ராடார்களில் திடீரென்று பெரும் இரைச்சல். ஜெர்மானியர் குழப்புகிறார்கள் என்று பயந்தார்கள். ஜேம்ஸ் ஹே என்பவர் ஆராய்ந்து பார்த்தார்; இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்து நகர்ந்தது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

தரையிலிருந்து பார்க்கக்கூடிய அலைநீளங்களில் மிகப் பொறுமையான வேலை நடந்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். வெள்ளொளியில் ஒன்று, கால்சியம் வெளியிடும் 393 நானோமீட்டர் ஊதா ஒளியில் ஒன்று, ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பொளியில் ஒன்று. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் எடுத்த பழைய படங்களை இப்போது கணினிக்கு ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படமும் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அது எந்த நாளில் எந்த ஒளியில் எடுத்தது என்று எழுதிவைத்திருப்பதுதான். இந்தியாவின் ஆதித்யா-எல்1 2023 செப்டம்பரில் புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று 200 முதல் 400 நானோமீட்டர் வரை பார்க்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

எண் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது படத்தைப் பற்றியது இல்லை, உங்கள் கண்ணைப் பற்றியது.

2019 டிசம்பர் 26ஆம் தேதி வளையச் சூரிய கிரகணம் நம் ஜொகூரின் தென்முனையையும் சிங்கப்பூரையும் கடந்து போனது. தஞ்சோங் பியாயில் திரண்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். பிற்பகல் ஒரு மணி தாண்டியதும் வளையம் வந்தது. இரண்டு நிமிடம் நின்றது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பழைய எக்ஸ்ரே படச்சுருளைக் கண்ணில் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல நல்லா இருட்டா தெரியுதும்மா, ஒன்னும் கூசலை" என்று என்னிடமும் நீட்டினார். என் கிரகணக் கண்ணாடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் படச்சுருளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வளையத்தை அவர் பார்த்தார். நான் பாதியைத்தான் பார்த்தேன்.

அவர் செய்த தவறும் என் வகுப்பில் நடந்த தவறும் ஒன்றுதான். கண்ணுக்கு இருட்டாக இருந்தால் ஒளியே வரவில்லை என்று நினைத்துவிடுகிறோம். படச்சுருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கும். அகச்சிவப்பை எவ்வளவு விடும் என்று யாரும் அளந்து செய்ததில்லை. கண் கூசாததால் கூடுதல் நேரம் பார்ப்போம். இருட்டில் கண்மணியும் விரியும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது, அதனால் எரிவது தெரியாது. கறுப்புக் கண்ணாடி, புகை படிந்த கண்ணாடி, குறுந்தட்டு எல்லாம் இதே கணக்கு. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் பெற்ற கிரகணக் கண்ணாடியை நம்பலாம். ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் அது எவ்வளவு தடுக்க வேண்டும் என்று அந்தத் தரம் எண்ணில் சொல்கிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கி வழியாக மட்டும் பார்த்துவிடாதீர்கள். குவிந்து வரும் ஒளி அதைப் பொசுக்கிவிடும். கண்ணாடி இல்லையா? அட்டையில் ஊசித்துளை போட்டு நிழலில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். 2031 மே 21ஆம் தேதி இன்னொரு வளைய கிரகணம் தென்னிந்தியா வழியாக மலேசியாவுக்கு வருகிறது. அப்போது நீங்கள் கல்லூரியிலோ வேலையிலோ இருப்பீர்கள். பக்கத்தில் யாராவது படச்சுருளை நீட்டலாம்.

அகச்சிவப்பைக் கண்டுபிடித்த கதையே இந்தச் சிக்கலில் தொடங்கியதுதான். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்க வெவ்வேறு வண்ணக் கண்ணாடிகளைச் சோதித்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, ஆனால் சூடு அதிகம். சிலவற்றில் வெளிச்சம் அதிகம், சூடு குறைவு. ஏன் என்று அறிய முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தார். சிவப்புக்கு அப்பால், எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறியது. அந்தப் பெரியவரின் படச்சுருளை இன்னும் என் பாட மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்; ஹெர்ஷல் பாடம் வரும்போது எடுப்பேன்.

சக ஆசிரியர் ஒருவரிடம் இந்த எண் விஷயத்தைச் சொன்னேன். "எஸ்.பி.எம்.மில் இது வராது, ஏன் மாணவர்களைக் குழப்புகிறீர்கள்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. ஆனால் வானொலி அலை முதல் காமா கதிர் வரை ஏழு பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். எக்ஸ் கதிர் எலும்பைப் பார்க்க, அகச்சிவப்பு தொலைக்காட்சியை மாற்ற என்று பயன்களையும் எழுதச் சொல்கிறோம். அந்த ஏழையும் அனுப்பும் ஒரு பொருள் தினமும் தலைக்கு மேலே போகிறது. அதன் படத்தின் கீழே ஓர் எண் எழுத எத்தனை நிமிடம் ஆகும்?

நாளிதழ்களுக்கும் இதையே சொல்வேன், இந்த ஞாயிறு பக்கங்கள் உட்பட. மே 2024 புயலின்போது எங்கள் குடும்பப் புலனக் குழுவில் இரத்தச் சிவப்பான சூரியன் ஒன்று வந்தது. 'சூரியன் கொந்தளிக்கிறது, இன்றிரவு கைப்பேசியை அணைத்துத் தூங்குங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. சிவப்பைப் பார்த்து அத்தை உண்மையிலேயே பயந்துவிட்டார். அது 30.4 நானோமீட்டர் படம். சூரியன் சாதுவாக இருக்கும் நாளிலும் அந்தப் படம் அதே சிவப்பில்தான் வரும். எண் இருந்திருந்தால் அத்தைக்குப் புரிந்திருக்குமா என்று கேட்காதீர்கள். அத்தை மகளுக்குப் புரிந்திருக்கும். அவள் மூன்றாம் படிவம்.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்.டி.ஓ. வெளியிடும் ஒவ்வொரு படத்தின் இடது கீழ் மூலையிலும் கருவியின் பெயர், அலைநீளம், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். அங்கே 171 என்று போட்டிருந்தால் அது ஆங்ஸ்ட்ராம் கணக்கு. பத்தால் வகுத்தால் 17.1 நானோமீட்டர். அவர்கள் மறைக்கவில்லை. படம் கைமாறும்போது நாம்தான் அந்த மூலையை வெட்டிவிடுகிறோம். அன்று வகுப்பில் காட்டிய நான்கு சூரியன்களிலும் எண் இருந்தது. நான்கும் சதுரமாக அழகாக அமைய வேண்டும் என்பதற்காக வெட்டியது நான்.

இந்த ஆண்டு அதே பாடத்தை வேறு மாதிரி நடத்தினேன். 'ஹீலியோவியூவர்' என்ற இணையத்தளத்தில் தேதியையும் அலைநீளத்தையும் கொடுத்தால் அந்த நாள் சூரியனின் படத்தைக் காட்டும். எஸ்.டி.ஓ.வுக்கு முந்திய காலத்துக்கு 'சோஹோ' என்ற விண்கலத்தின் படங்கள் 1996 முதல் இருக்கின்றன. மாணவர்களை அவரவர் பிறந்த நாளின் சூரியனைத் தேடி எடுத்து, கீழே எண்ணையும் அது என்ன வெப்பநிலை என்பதையும் எழுதி வரச் சொன்னேன்.

போன ஆண்டு கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது ஐந்தாம் படிவம். கேள்விப்பட்டு அவளும் செய்துகொண்டு வந்தாள். 2009இல் பிறந்தவள். அந்த ஆண்டு சூரியன் மிக அமைதியாக இருந்த காலம். பெரும்பாலான நாள்களில் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் எடுத்த வெள்ளொளிப் படத்தில் வெறும் தட்டுதான் இருந்தது. "நான் பிறந்த அன்னைக்குச் சூரியன் சும்மா இருந்திருக்கு, டீச்சர்" என்றாள் ஏமாற்றமாக. பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். அதே நாள், 19.5 நானோமீட்டர், 1.5 மில்லியன் பாகை என்று கீழே பேனாவால் எழுதியிருந்தது. சூரியனின் இரண்டு துருவங்களிலும் பெரிய கருத்த பள்ளங்கள். கொரோனா துளைகள், சூரியக் காற்று வேகமாக வெளியேறும் வாசல்கள்.

"இது என்ன, டீச்சர்?" என்று கேட்டாள். அன்றும் மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஓய்வு நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன்.